தொண்டை மாறிய அழுகை

செம்பாளூருக்கு வாய் ஒன்றே ஒன்றுதான், அந்த வாய் ஓர் ஆட்டோவின் தலையில் இருந்தது. இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒன்று கிழக்கே பார்த்து, ஒன்று மேற்கே பார்த்து. கீழே டிரைவர் சீட்டில் ஒரு கையில் ஹேண்டில்பாரும் மறு கையில் மைக்குமாகத் திருமேனி. ஜவுளிக்கடைத் தள்ளுபடியா, திருமேனி. மாரியம்மன் கோயில் கூழா, பள்ளிவாசல் கந்தூரியா, மாதா கோயில் தேரா, திருமேனி. இன்னார் காலமானார், இன்ன நேரத்துக்கு எடுக்கிறார்கள் என்றால் அதற்கும் அவன்தான், அதற்கென்று தனியாக ஈரத்துணி போல ஒரு குரல் வைத்திருந்தான். காணாமல் போன செவலை மாட்டைத் தேடினால் மாட்டுக்காரனின் தொண்டையிலேயே தேடுவான், நடுநடுவே மாடும் பதில் சொல்லும். தாசில்தார் மாதிரி இருமுவான், ஹெட்மாஸ்டர் மாதிரி மூக்கை உறிஞ்சுவான், ரேஷன் கடைக்காரர் மாதிரி "பாமாயில் முடிஞ்சிருச்சு, அடுத்த வாரம் வாங்க" என்று சுவருக்குப் பின்னால் நின்று சொல்லி ஐம்பது பேர் வரிசையைக் கலைத்திருக்கிறான். ஊர் திட்டும். திட்டியவர்களின் குரலிலேயே அவன் திருப்பித் திட்டுவான். ஊர் சிரித்துவிடும்.

அந்த வாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் சந்தைக்கடை வழியாகப் போகும்போது, "அன்பார்ந்த பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு, பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை ஒன்பது மணி முதல்" என்பது வரை ஒழுங்காகச் சொல்லிவிட்டு, "மாலை ஐந்து மணி வரை" என்று முடிக்க வேண்டிய இடத்தில் ஒரு பச்சைக் குழந்தையாக அழுதது.

பெரிய அழுகை இல்லை. கண் திறக்காத பூனைக்குட்டியின் தொண்டையில் பாதி எடுத்தது மாதிரி ஓர் அழுகை. இழுத்து, நிறுத்தி, மூச்சைத் தேடி, மறுபடி இழுத்து. ஆனால் இரண்டு குழாயிலும் வந்ததால் சந்தைக்கடை முழுக்கக் கேட்டது. கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசைத் தூக்கியபடியே நின்றார்கள். ஆறு நிமிடம் அழுதுவிட்டு விக்கி ஓய்ந்ததும் திருமேனி வாயைத் துடைத்துக்கொண்டு, "மாலை ஐந்து மணி வரை மின்சாரம் இருக்காது" என்றான்.

கபூர் பாய் டீக்கடையில் அவனை நிறுத்தி விசாரித்தார்கள். "மிமிக்ரி நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா கரண்டு கட்டுக்கு எதுக்குக் கொழந்தை?"

"நான் பண்ணலை, பாய்."

"நீ பண்ணாம பின்ன ஆட்டோவா பண்ணுது?"

மூன்று மணி நேரம் கழித்து அதே கடையில், வாய் நிறைய வாழைக்காய் பஜ்ஜியோடு அவன் உட்கார்ந்திருக்கும்போது மறுபடி வந்தது. பஜ்ஜிக்குப் பின்னாலிருந்து, பஜ்ஜியைத் தொடாமல், அதே அழுகை. வாய் நிறைய இருக்கும்போது எவனாலும் மிமிக்ரி பண்ண முடியாது என்பது கபூர் பாய்க்குத் தெரியும். எட்டு நாளுக்கு முன்னால் திருமேனியின் பெண்டாட்டி வாசுகிக்கு ஏழாம் மாசத்திலேயே பிரசவம் ஆகிவிட்டதும், பிறந்த பெண் ஒரு கிலோ நூறு கிராம் இருந்ததும், இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி ஜில்லா டவுன் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொண்டையில் மூச்சுக்குழாயோடு அது கிடப்பதும் ஊருக்கே தெரியும். அந்தக் குழாய் குரல் பிறக்கிற இடத்தை அடைத்துக்கொண்டு இறங்குவதால் பிள்ளை அழுதாலும் சத்தம் வராது என்று நர்ஸ் ஜெபராணி சிஸ்டர் வாசுகியிடம் சொல்லி, வாசுகி போனில் அவனிடம் சொல்லியிருந்தாள். "மொகம் மட்டும் அழுவுதுங்க. டிவிய மியூட்ல வெச்ச மாதிரி."

கபூர் பாய் பஜ்ஜித் தட்டை எடுத்து உள்ளே வைத்தார். "தொண்டையில குழாயப் போட்டா சத்தம் எங்கதான் போவும்? அப்பங்கிட்டதான் போவும்." அத்தோடு அந்த விஷயம் செம்பாளூரில் தீர்ந்துபோனது.

அதற்கப்புறம் ஊருக்கு அந்த அழுகை ஒரு கடிகாரம். காலை எட்டு, பதினொன்று, மதியம் இரண்டு, மாலை ஐந்து. எட்டு மணி அழுகைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கிளப்பினார்கள், பதினொரு மணி அழுகைக்கு உலை வைத்தார்கள். இடையில் வேளை தவறி அழுதால் இது பசி அழுகையா வயிற்றுவலி அழுகையா என்று திண்டாடி, ரெண்டு கட்சியாகப் பிரிந்து, கடைசியில் யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, "சிஸ்டர், எங்க புள்ளைக்குத் துணி நனைஞ்சிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்பார்கள். பார்த்தால் நனைந்திருக்கும். ஜெபராணி சிஸ்டரும் ரெண்டு நாளில் பழகிவிட்டு, "ஊர்ல என்ன சொல்றாங்க?" என்று அவரே போன் போட ஆரம்பித்தார்.

இன்னொன்றும் நடந்தது. கைக்குழந்தைக்காரிகள் எல்லாருக்கும் ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்டதுமே பால் சுரந்து ரவிக்கை நனைந்தது. மேலத்தெரு தனபாக்கியம் ஆட்டோவை மறித்துக்கொண்டு, "ஏன்யா, எம்புள்ள தூங்குறப்ப உம்புள்ள அழுதா நான் என்ன பண்றது, ரோட்டுல பீச்சி விடுறதா?" என்று சண்டை பிடித்தாள். சண்டை முடிந்து ஒரு யோசனை பிறந்து, மறுநாள் முதல் பத்து நாற்பது பஸ்ஸில் ஏழு பெண்கள் தங்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாய்ப்பால் வங்கிக்குப் போனார்கள். கண்டக்டர் அவர்களுக்காக முன்சீட்டு ரெண்டைக் காலியாக வைத்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளையின் மூக்குக்குழாய் வழியாகச் செம்பாளூரின் பால் சொட்டுச்சொட்டாக இறங்கியது.

வாசுகிக்கு மட்டும் பால் வரவில்லை. மூன்று மணிக்கு ஒரு தரம் பெட்டி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சிஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி அமுக்கி அமுக்கிப் பார்த்து, காலிக் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு எழுந்துகொள்வாள். "ஊரே குடுக்குது, எனக்கு ஒரு சொட்டு இல்லைங்க," என்றாள் போனில். "பெத்தவ பால்தான் இவளுக்கு மருந்துன்னு டாக்டர் சொல்றாரு. எங்கம்மா உசுரோட இருந்தப்ப, புள்ள சத்தம் காதுல விழுந்தாதான் பால் எறங்கும்னு சொல்லும். இவ சத்தமே போடலையே. நீங்களாவது ஒரு தரம் வந்து பாருங்களேன். அவ மூக்கு உங்க மூக்கு."

"சவாரி இருக்கு வாசுகி. நாளைக்கு வரேன்."

பதினாலு நாளாக நாளைக்குத்தான் வந்துகொண்டிருந்தான். தினமும் ஆஸ்பத்திரி கேட் வரை ஆட்டோவில் போவான், சோற்றுத் தூக்கை யாரிடமாவது கொடுத்தனுப்புவான், திரும்பிவிடுவான். அவள் காதுக்கு வேண்டிய சத்தம் தன் வாயில் இருப்பது அவனுக்குத் தெரியும். போனிலேயே அழலாம்தான், ஆனால் போன் பிடித்திருக்கும்போது அழுகை முட்டினால் சட்டென்று வைத்துவிடுவான். போனில் இன்னொரு குரலில் அவளிடம் பேச அவனுக்கு இனித் தைரியமில்லை. அதற்கொரு காரணம் இருந்தது, அது ஊரில் யாருக்கும் தெரியாது.

வாசுகிக்கு இருந்த ஒரே உறவு பக்கத்து ஊர் அண்ணன் ராஜமாணிக்கம். கீழக்குடியில் உரக்கடை வைத்திருப்பவர், எதைச் சொல்வதானாலும் முதலில் "க்கும்" என்று செருமிவிட்டுத்தான் சொல்வார். ஒரு கோயில் திருவிழா மேடையில் திருமேனி அந்தச் செருமலைச் செய்து காட்டி நாலாயிரம் பேரைச் சிரிக்க வைத்தான். அவனையே தங்கச்சி கட்டிக்கொண்டபோது ராஜமாணிக்கம் பேச்சை நிறுத்தினார், ரெண்டு வருஷமாகப் பேசவில்லை. வாசுகிக்கு ஏழாம் மாசம் தொடங்கியதும் வளைகாப்புப் பேச்சு வந்தது. பிறந்த வீட்டு வளையலோடு வர யார் இருக்கிறார்கள் என்று வாசுகி தினமும் ஒரு மூச்சு அழுதாள்.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் திருமேனி தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் நின்று, மெக்கானிக் கடைப் பையனின் போனை வாங்கி, அவளைக் கூப்பிட்டான். "க்கும். ஏம்மா வாசுகி, அண்ணன் பேசுறேன். க்கும். ஒங்க தெருமுனையிலதான் நிக்கிறேன். வளையல் கொண்டாந்திருக்கேன். கதவைத் தொறப்பியா, மாட்டியா?"

ஒரு நிமிஷம் அவள் முகம் மலர்வதைப் பார்க்கலாம், அப்புறம் முன்னால் குதித்து "நாந்தாண்டி" என்று சொல்லலாம், அவள் துடைப்பக்கட்டையால் நாலு போடுவாள், சிரிப்பாள் என்று நினைத்தான். கதவு திறந்தது. ஏழு மாச வயிற்றோடு, ரெண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு, "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்தவள் கழுவிவிட்ட வாசல்படியில் வழுக்கி விழுந்தாள். திருமேனிதான் ஓடிப்போய்த் தூக்கினான், எங்கிருந்து ஓடிவந்தான் என்று மட்டும் சொல்லவில்லை. அன்று மாலையே பிரசவம்.

அவள் வேறு மாதிரிப் புரிந்துகொண்டாள். அண்ணன் வந்திருக்கிறான், நான் விழுந்ததைப் பார்த்ததும் பழி வருமென்று பயந்து திரும்பிப் போய்விட்டான். ஓடிவந்தது என் புத்தி, ஓடச் சொன்னது யார். பார்க்க வந்த பெண்களிடம் அழுதபடி சொன்னாள். ஊர் கொதித்தது. விழுந்த தங்கச்சியைத் தூக்காமல் போனவன் கடையில் யாரும் ஏறக்கூடாது என்று செம்பாளூரும் கீழக்குடியும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டன. ராஜமாணிக்கம் அன்றைக்குக் கடையை விட்டு நகரவில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார், ஒருத்தரும் நம்பவில்லை. கபூர் பாய் கடையில் அவரைக் கரித்துக்கொட்டும்போதெல்லாம் திருமேனி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். நூறு குரல் வைத்திருந்தவனுக்கு இதைச் சொல்ல ஒன்று கிடைக்கவில்லை. வாயைத் திறந்தால் மகள்தான் அழுதாள்.

பதினைந்தாம் நாள் எட்டு மணிக்கு அழுகை வரவில்லை. சரி, தூங்குது என்றார்கள். பதினொரு மணிக்கும் வரவில்லை. பதினொன்றரைக்குச் சந்தைக்கடையில் வியாபாரம் நின்றது. உலை வைக்காத பெண்கள் தெருவில் வந்து நின்று ஆட்டோ இருக்கும் திசையைப் பார்த்தார்கள். தனபாக்கியம் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்து, "எனக்கும் எறங்கலை," என்றாள். கபூர் பாய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து திருமேனியின் தாடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், நின்றுபோன ரேடியோவைத் தட்டுகிற மாதிரி.

"அழுவுடா தம்பி."

"வரலை, பாய்."

"அப்ப இங்க ஏன்டா உக்காந்திருக்க?"

நாலு பேர் ஆட்டோவைத் தள்ளிக் கிளப்பினார்கள்.

பச்சிளங்குழந்தை வார்டு வாசலில் ஜெபராணி சிஸ்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தனை நாளா போன்ல மட்டும் இருந்தவர் நீங்கதானா. செருப்பக் கழட்டுங்க. கைய முட்டி வரைக்கும் கழுவுங்க. முட்டி அங்கயா இருக்கு? இன்னும் மேல."

பெட்டியில் "வாசுகியின் பெண் குழந்தை" என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே கிடந்தது பிள்ளை மாதிரியே இல்லை. பிள்ளை என்று யாரோ பென்சிலால் லேசாக வரைந்து, அழுத்தி எழுத மறந்துவிட்ட மாதிரி இருந்தது. காலிக் கிண்ணத்தை மடியில் வைத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த வாசுகி அவனைப் பார்த்தாள். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. "காலையிலேருந்து அழக்கூட இல்லைங்க. நாப்பது கிராம் எறங்கிட்டா," என்றாள்.

சிஸ்டர் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்துவிட்டார். திருமேனி கையை உள்ளே விட்டான். மைக் பிடித்துக் காய்ப்பேறிய சுண்டுவிரலை, அவன் கொடுக்கக்கூட இல்லை, அது பிடித்துக்கொண்டது. தீக்குச்சி தடிமனில் நாலு விரல். பிடித்து, இறுக்கி, முகத்தைச் சுருக்கி, குழாய்க்குப் பக்கவாட்டில் வாயைத் திறந்தது. அழுகை திருமேனியின் வாயிலிருந்து வந்தது.

"இங்கயுமா உங்க மிமிக்ரி?" என்றாள் வாசுகி. அப்புறம் பெட்டியைப் பார்த்தாள். சின்ன வாய் திறந்தபோது பெரிய வாயில் சத்தம் எழுந்தது, சின்ன வாய் மூச்சுக்கு நின்றபோது சத்தம் நின்றது, சின்ன உதடு நடுங்கியபோது சத்தமும் நடுங்கியது. அவள் ரெண்டு வாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஊர் பஜ்ஜித் தட்டோடு புரிந்துகொண்டதை ஸ்டூலில் உட்கார்ந்தபடியே புரிந்துகொண்டாள். "இதான் அவ சத்தமா?" என்று கேட்டாள். சேலை முன்பக்கம் திட்டுத்திட்டாக நனைந்துகொண்டிருந்தது. சிஸ்டர்தான் முதலில் பார்த்தார், கிண்ணத்தை எடுத்துப் பிடித்தார்.

நாலு மில்லி. எட்டு. வார்டில் மற்ற பெட்டிகளின் பக்கத்திலிருந்த தாய்மார்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். வாசுகி பதினைந்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள், அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

பால் வந்துவிட்டது. இனி எதையும் சொல்லத் தேவையில்லை. அந்த ஒரு நிமிஷம் திருமேனிக்கு அது நன்றாகத் தெரிந்தது. இப்படியே அழுது அழுதே பிள்ளையை வளர்த்துவிடலாம், அவளும் இப்படியே சிரித்துக்கொண்டிருப்பாள், கீழக்குடியில் ஒரு கடை மட்டும் காற்று வாங்கும். விரலை இன்னும் பிள்ளை விடவில்லை.

"அன்னிக்கு வந்தது உங்க அண்ணன் இல்லை," என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"நான்தான் பேசுனேன்."

கிண்ணம் அவள் கையில் சாயவில்லை. "எங்கேருந்து?"

"டிரான்ஸ்பார்மருக்குப் பின்னாடி நின்னு."

"நான் ஓடியாந்தது தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சிரிச்சீங்களா?"

"நீ விழுற வரைக்கும்."

அவள் கடைசிச் சொட்டு வரை எடுத்தாள். "சிஸ்டர், பதினாலு மில்லி," என்று கிண்ணத்தை நீட்டினாள். அது மூக்குக்குழாயில் முழுக்க இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் பேசினாள், பெட்டியைப் பார்த்தபடியே.

"எங்க அண்ணன் கடையில யாரும் ஏறுறதில்லயாம்."

"ஆமா."

"ஊருக்குச் சொல்லிட்டு வாங்க. எல்லாத் தெருவுலயும். கீழக்குடியிலயும். யாரு மாதிரியும் பேசக் கூடாது. அஞ்சு மணிக்கு அவளுக்கு மறுபடி பசிக்கும், அதுக்குள்ள வந்துருங்க. எனக்கு அந்த அழுகை வேணும். நீங்க வேணாம்."

செம்பாளூர் எல்லையில் ஆட்டோவை நிறுத்தி மைக்கை எடுத்தான். "அன்பார்ந்த பொதுமக்களுக்கு" என்று ஜவுளிக்கடைக் குரல் வந்தது, நிறுத்தினான். மறுபடி தொடங்கினால் இழவுக் குரல் வந்தது, அதையும் நிறுத்தினான். ஒவ்வொன்றாக வந்தன, தாசில்தார், ஹெட்மாஸ்டர், மாட்டுக்காரன், மாடு, ஒவ்வொன்றாக வழியனுப்பினான். எல்லாம் போன பிறகு அடியில் ஒன்று மிச்சமிருந்தது. வெகுநாள் திறக்காத குழாயில் முதலில் வருகிற தண்ணீர் மாதிரி, காற்றும் துருவுமாக, கொஞ்சம் கீச்சென்று. அதில் சொன்னான். தெருத்தெருவாக ஆட்டோவை உருட்டி, டிரான்ஸ்பார்மரையும் செருமலையும் வாசல்படியையும் சிரிப்பையும் சொன்னான். யாரோ புது ஆள் பேசுகிறான் என்று ஜனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அப்பன் வாயில் மகள் அழுததற்கு ஒரு பஜ்ஜி நேரம்கூட ஆச்சரியப்படாத ஊர், இதற்கு வாயடைத்து நின்றது. கபூர் பாய் அவனைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். தனபாக்கியம் மட்டும், "அழுகை வந்துச்சா?" என்று கேட்டாள். வந்தது என்றதும், "அப்ப போ, நேரமாச்சு," என்றாள்.

கீழக்குடியில் உரக்கடை முன்னால் சொன்னபோது ராஜமாணிக்கம் கல்லாவில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். எழுந்து வந்தார். "க்கும். பின்னாடி தெரு இருக்கு, ஸ்பீக்கர் அங்க எட்டாது. அங்கயும் சொல்லு." அங்கேயும் சொல்லிவிட்டு வந்தபோது கடையைப் பூட்டிவிட்டு வெளியே நின்றிருந்தார், ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாதி வழியில் திருமேனிக்கு அழுகை வந்தது. இருபது வருஷமாகத் தன் செருமலைத் தவிர எதையும் காது கொடுத்துக் கேட்காத மனுஷன் அதைத் தலை சாய்த்துக் கேட்டார்.

"க்கும். பசிக்குது போல. வேகமா ஓட்டு."

அன்றிலிருந்து திருமேனி மூன்று மணிக்கு ஒரு தரம் வார்டுக்கு வந்தான். வாசுகி அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பாள். அவன் அழுவான், அவளுக்குப் பால் இறங்கும், கிண்ணம் நிறையும், அவன் போவான். சோறு கொண்டுவந்தால் அண்ணனிடம் வாங்கிக்கொள்வாள். ஊரில் அவனை அறிவிப்புக்குக் கூப்பிட்டார்கள், கூலி கொடுத்தார்கள், சிரிக்க மட்டும் இல்லை. பிள்ளை பத்துப்பத்து கிராமாக ஏறியது.

இருபத்தோராம் நாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போது வாய் தானாகத் திறந்தது, ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தான். காற்றுதான். அப்போது மேலே, கதவுக்கு அந்தப் பக்கம், அந்த அழுகையைத் தன் காதால் முதல் தடவை கேட்டான். குழாயை எடுத்துவிட்டிருந்தார்கள். அவன் வாயில் வந்ததைவிட அது கொஞ்சம் கரகரப்பாக, கொஞ்சம் கோபமாக இருந்தது.

கதவுவரை போய் நின்றான். உள்ளே போக அவனுக்கு இருந்த ஒரே வேலை முடிந்துவிட்டது. "வழிய மறைக்காதீங்க," என்று ஜெபராணி சிஸ்டர் அவனைச் சுற்றிக்கொண்டு போனார். திரும்பிப் போக ஒரு காலை எடுத்தான்.

"சட்டையக் கழட்டுங்க," என்றாள் வாசுகி உள்ளிருந்து.

அவன் எடுத்த காலைக் கீழே வைத்தான்.

"பெட்டியை விட்டு வெளிய எடுத்தா அவளுக்குச் சூடு பத்தாதாம். நெஞ்சோட நெஞ்சு வெச்சுக்கணுமாம். எனக்குக் காலையிலேருந்து கை மரத்துப்போச்சு. கழட்டுங்க."

நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, சிஸ்டர் ஒரு கிலோ இருநூற்று அறுபது கிராமை அவன் நெஞ்சில் குப்புற வைத்துத் துணியால் கட்டினார். காது அவன் நெஞ்செலும்பின்மேல் இருந்தது. அதன் மூச்சு ஓர் எறும்பு நடக்கிற மாதிரி அவன் தோலில் நடந்தது. அவன் மூச்சு விடவே பயந்தான். வாசுகி ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஆறு நாளில் முதல் தடவையாக அவனுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"ஊருக்குச் சொன்னீங்க. எனக்குச் சொன்னீங்க. அவகிட்டயும் சொல்லுங்க."

"இதுக்கு என்ன தெரியும், வாசுகி?"

"சொல்லுங்க."

திருமேனி குனிந்து, அந்தத் துருப்பிடித்த கீச்சுக் குரலில், பாப்பா என்று தொடங்கினான். தொடங்கிய இடத்திலேயே நின்றுபோனான், மறுபடி தொடங்கினான். அன்னிக்குத் திங்கக்கிழம, மத்தியானம், உங்கம்மா வாசல் கழுவி விட்டிருந்தா. தெருமுனையில டிரான்ஸ்பார்மர் ஒண்ணு இருக்கு, அப்பா அதுக்குப் பின்னாடி நின்னேன். போன் எடுத்தேன். உங்க மாமா இல்ல, மாமா பாவம், அவரு கடையில இருந்தாரு. நான்தான். அவன் சொல்லச்சொல்ல நெஞ்செலும்பு அதிர்ந்தது; அதிர்வில் பிள்ளையின் கை விரிந்து, மூடி, அவன் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டது. உங்கம்மா ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு வந்தா, நான் சிரிச்சேன், உங்கம்மா விழுந்தா, நீ விழுந்த. கடைசி வார்த்தை வரை சொன்னான். எதையும் விடவில்லை, எதையும் மாற்றவில்லை. சொல்லி முடித்து நிமிர்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது. ஆனால் சத்தமில்லாமல்தான் அழுதிருந்தான்.

வாசுகி எழுந்து குனிந்து துணியை விலக்கிப் பார்த்தாள்.

"பாதியிலயே தூங்கிட்டா," என்றாள். "நாளைக்கு மொதல்லேருந்து சொல்லுங்க."